சூசைக்கு ஸ்டேக்: தேக்காவிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை

சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டைப் பழுதுபார்க்க மூன்று மாதம் மூடிப் போட்டார்களே, அந்த வருஷம். ரயிலில் முகக்கவசம் போடுவது இனி அவரவர் விருப்பம் என்று அறிவித்ததும் அதே வருஷம்தான். புது அதிபருக்கு ஓட்டுப் போட வரிசையில் நின்றதும் அதே வருஷம், ஆனால் நான் சொல்லப்போகிற சனிக்கிழமை அதற்குச் சில வாரம் முந்தியது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலத்தை இப்படித்தான் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறேன். இதையும் நான் போனில் பேசப் பேச அதுவே எழுத்தாக்கியது. மகள் பிழை பார்த்து இணையத்தில் ஏற்றியிருக்கிறாள்.

வீட்டில் ஸ்டேக் சுட வேண்டும், இறைச்சி எங்கே வாங்குவது, எந்தத் துண்டை எப்படிச் சமைப்பது, அதைத் தூக்கிக்கொண்டு ஊரின் அந்தக் கோடிவரை எப்படிப் போவது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும். நான் போனது சூசைக்காக.

சூசையும் நானும் சாங்கியில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற பெரிய கிச்சன் ஒன்றில் வேலை செய்தவர்கள். இறைச்சிப் பகுதியில் ஆறு பேர் இருந்தோம். முதல் வகுப்புக்காரர்களுக்குப் போகிற ஸ்டேக்கை நாள் முழுக்க வெட்டுவோம், ஒரு துண்டு வாயில் வைக்க முடியாது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, காசு போட்டு வாங்கி, சூசை வீட்டில் சுட்டுத் தின்போம். அவன் வீடு சாங்கி வில்லேஜில், கிச்சனுக்குப் பக்கம். அந்தப் பழக்கம் நாங்கள் ஓய்வு பெற்ற பிறகும் கொஞ்ச காலம் ஓடியது.

அந்த வருஷம் தவக்காலத்தில் சூசைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, விழுங்குவதும் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். ஜூன் மாதம் குழாயை எடுத்துவிட்டு, மெல்ல மெல்ல வாயால் சாப்பிடட்டும் என்றார்கள். கஞ்சி, மசித்த பூசணி, மறுபடியும் கஞ்சி. இரண்டே வாரத்தில் அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். எடை இறங்கிக்கொண்டே போனது. அடுத்த வாரம் புதன்கிழமை எடை பார்ப்போம், ஏறவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள்.

போனில் கேட்டேன். அவன் பேச்சு அப்போது கொழகொழவென்றுதான் வரும், ஆனால் எனக்குப் புரியும்.

"டேய் தனிசு, இந்தக் கஞ்சிய நீ ஒரு நாளு குடிச்சுப் பாரு. அப்புறம் பேசு."

"சாப்பிடலைன்னா வயித்துல ஓட்ட போடுவாங்கடா."

"போடட்டும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ ஸ்டேக் குடு. அது எறங்கலைன்னா நானே கைநாட்டு வைக்கிறேன்."

அவன் மனைவி பிலோமினா, விழுங்கப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் முதலில் சிரித்தாளாம். பிறகு விதிகளைச் சொன்னாள். துண்டு கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஈரமாக இருக்க வேண்டும். முள்கரண்டியால் அழுத்தினால் உடைய வேண்டும், உடையாவிட்டால் கொடுக்கவே கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வாய் விழுங்கியதும் ஏதாவது ஒரு சொல் பேசச் சொல்ல வேண்டும். குரல் தெளிவாக வந்தால் சாப்பாடு சரியான வழியில் இறங்கிவிட்டது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்த்துவிட்டுப் போக வழியில்லை. மருமகள் இந்து. நான் அவளோடும் மகனோடும் இருக்க வந்த நாளிலிருந்து மாட்டிறைச்சி அந்த வீட்டுக்குள் வருவதில்லை. அது நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஆனால் கனமான இரும்புக் கல் ஒன்று வேண்டும். ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டியில் ஸ்டேக் சுட்டால் மேலே நிறம் வராது. சிராங்கூன் ரோடு பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் தடிமனான தோசைக்கல் முப்பத்திரண்டு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, வாங்கினேன். புதுக்கல்லைப் பழக்காமல் ஒன்றும் செய்ய முடியாதே. மருமகள்தான் நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, நான்கு நாள் பழக்கித் தந்தாள். அதில் என்ன வேகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. திரும்ப எடுத்துட்டு வராதீங்க. அங்கேயே குடுத்துட்டு வந்துடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் மாமிசம் தொடமாட்டேன் என்பதால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். வழக்கமாக நான் இறைச்சி வாங்குவது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தேக்காவில். அது மூடிக் கிடந்ததால் கேலாங் சிராய் சந்தைக்குப் போக வேண்டியதாயிற்று. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் நீலக் கோட்டு ரயிலில் ஏறி, இரண்டாவது நிறுத்தமான பூகிஸில் இறங்கி, பச்சைக் கோட்டுக்கு மாறினால் பாய லேபார். அங்கிருந்து நடை. என் நடைக்குக் கால் மணி நேரம், உங்களுக்குப் பத்து நிமிடம். கல் தோள்பையில் இருந்தது. ரயிலில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். பையை மடியில் வைத்ததும் பாரத்தில் தொடை மரத்துவிட்டது.

கேலாங் சிராயில் மாட்டிறைச்சிக் கடைகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு நல்ல துண்டுகள் இருக்காது. எனக்குத் தெரிந்த மலாய்ப் பெண் ஒருத்தி அங்கே கடை வைத்திருக்கிறாள். மலாயில்தான் பேசிக்கொண்டோம். பாக்சிக் என்றால் பெரியவர், ரெண்டாங் என்றால் தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த கறி. மற்றதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பாக்சிக், ரெண்டாங் சமைக்கிறதுக்கா?"

"இல்ல, ஸ்டேக்."

"பல்லு இருக்கா உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு. சாப்பிடப் போறவனுக்குத்தான் இல்ல."

அவள் உடனே உள்ளே போய் பாத்தாங் பினாங்கை எடுத்து வந்தாள். மலாயில் அது பாக்குமரத் தண்டு. ஆங்கிலத்தில் டெண்டர்லாயின் என்பதற்குச் சந்தைப் பெயர். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, மாடு உயிரோடு இருக்கும்வரை ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கிற சதை அது. அதனால்தான் அவ்வளவு மெத்து. அரைக் கிலோ இருபத்திரண்டு வெள்ளி. கூடவே ரிப்-ஐ இரண்டு துண்டு, இருபத்தாறு வெள்ளி. அது விலாப்பக்கம், கொழுப்பு கோடு கோடாக ஓடும், ருசியில் அதை அடிக்க ஆளில்லை. அடிவயிற்றுச் சதையான ஃபிளாங்க் ஒரு துண்டு, எட்டு வெள்ளி. அதில் நார் நீளமாக, சீப்பால் வாரியதுபோல ஓடும். மூன்றும் வாங்கியதற்குக் காரணம் உண்டு. எது முள்கரண்டிக்கு உடையும் என்று எனக்கே நிச்சயம் இல்லை.

சந்தைக்கு வெளியே பெரிய சாலையில், சாங்கி போகிற திசையில், இரண்டாம் எண் பஸ் வரும். கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். சனிக்கிழமை காலையில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். முதியோர் அட்டை தட்டினால் ஒரு வெள்ளியைச் சுற்றித்தான் ஆகும். ஐஸ் போட்ட பையில் இறைச்சியை வைத்திருந்தேன். பை பழசு. பிடோக் தாண்டுமுன் அடியில் ஈரம் கண்டது. ஓட்டுநர் மலேசியாக்காரர், ஜொகூர்த் தமிழர், சிவப்பு விளக்கில் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, பையில என்ன லா? சொட்டுதே."

"மாட்டுக் கறி. கூட்டாளிக்கு ஸ்டேக் போடப் போறேன்."

"காத்தாலேயே ஸ்டேக்கா! நாங்க ரொட்டிக்கே பிரேக் கிடைக்காம ஓடுறோம்." பின்னாலிருந்து பழைய நாளிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். "அடியில வைங்க. யாராச்சும் வழுக்கி விழுந்தா நான்தான் ரிப்போர்ட் எழுதணும்."

சாங்கி சிறைச்சாலைச் சுவர் கடந்ததும் பஸ் காலியாகிவிட்டது. விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வாக இறங்கின. எத்தனையோ வருஷம் அந்த வழியில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போனவன் நான். அன்று தூக்கம் வரவில்லை. புதன்கிழமையைப் பற்றியே நினைப்பு.

சூசை சன்னல் ஓரமாகச் சக்கர நாற்காலியில் இருந்தான். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும்போல மெலிந்திருந்தான். இறைச்சியைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தை, பஸ், நாளிதழ் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிலோமினா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டு விசில் போதுமா?"

ஓடினேன். என் வயதில் அது ஓட்டம்தான். நம் வீடுகளில் கறி என்று ஒன்று உள்ளே வந்தால், மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து மூன்று தண்ணீரில் அலசாமல் அடுப்புக்குப் போகாது. பிலோமினா அதைத்தான் செய்திருந்தாள். ரிப்-ஐ, ஃபிளாங்க் எல்லாம் மஞ்சள் மஞ்சளாக வடிதட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. நான் உயிரைக் கொடுத்துத் தூக்கிவந்த டெண்டர்லாயினோ குழம்புக்கு வெட்டுகிற சின்னச் சதுரங்களாகக் குக்கருக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஸ்டேக்க கழுவக் கூடாதும்மா!"

"கழுவாம எப்படிண்ணே திங்கிறது? ரத்தம் வருதே!"

"அது ரத்தமில்ல. சதையில இருக்குற தண்ணி."

"என்னமோ, செவப்பாத்தானே இருக்கு. நோயாளிக்குக் குடுக்கிறது." அவள் கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமைல நீங்க ஆறு பேரும் என்னய அடுப்படிக்கு விட்டீங்களா? எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னது உண்மை. அந்த ஞாயிறுகளில் பிலோமினா கோயிலிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சூசைக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று இருவரும் பயந்து ஓடினோம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கவாதம் வந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஈரமான இறைச்சி கல்லில் சுடாது, அவியும். அதுதான் ஸ்டேக்குக்கு முதல் பாடம். எல்லாத் துண்டுகளையும் சமையலறைத் தாளால் ஒற்றி ஒற்றி எடுத்து, ஒரு தட்டில் பரப்பி, மூடாமல் குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தேன். மேல்தோல் காய்ந்து வந்தது. மஞ்சள் நிறம் மட்டும் போகவில்லை.

முதலில் ரிப்-ஐ. கல் புகையத் தொடங்கும்வரை சூடாக்க வேண்டும். இறைச்சிக்கு உப்பு, கல்லுக்கு எண்ணெய் ஒரு துளி. போட்டதும் சத்தம் வர வேண்டும், வரவில்லையென்றால் எடுத்துவிட்டு இன்னும் சூடாக்குங்கள். ஒரு விரல் பருமன் துண்டுக்குப் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம். பிறகு கொழுப்பு ஓரத்தை இடுக்கியால் நிறுத்திப் பிடித்து உருக்க வேண்டும். மஞ்சள் ஏறியதால் மேலே பொன்னும் கறுப்புமாக ஒரு நிறம் வந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. பத்து நிமிடம் ஆறவிட்டு, ஓரத்திலிருந்து நகத்தளவு வெட்டி, முள்கரண்டியால் அழுத்தினேன். என் விரல் வெளுத்தது. துண்டு உடையவில்லை. உள்ளிருந்து வெட்டியதும் அப்படித்தான்.

ஃபிளாங்க்கை இன்னும் சூடான கல்லில் சீக்கிரமாகச் சுட்டு, நாருக்குக் குறுக்கே தாள்போல மெலிதாகச் சீவினேன். நாரோடு சேர்த்து நீளவாக்கில் சீவினால் யாராலும் மெல்ல முடியாது. பல் உள்ளவர்களுக்கு அருமையான துண்டு, வெங்காயமும் எலுமிச்சையும் போதும். முள்கரண்டியில் அழுத்தினால் நூல் நூலாகப் பிரிந்து நின்றது. அதுவும் கூடாது.

"ஒரு துண்டு குடுடா," என்றான் சூசை.

"உடையலடா."

"எனக்கு உடையும். குடு."

"அண்ணே, வேண்டாம்," என்றாள் பிலோமினா. "கஞ்சியே ஆத்தித் தரேன்."

சூசை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் உதடு எப்படி இறுகியது என்பதைப் பார்த்தேன். புதன்கிழமை நாலே நாளில் வருகிறது.

மிச்சம் இருந்தது அந்தச் சதுரங்கள். டெண்டர்லாயினை முழு வட்டமாகத்தான் சுடுவோம், இப்படிச் சின்னதாக வெட்டி நான் சமைத்ததே இல்லை. கல்லை நடுத்தரச் சூட்டுக்கு இறக்கி, வெண்ணெய் தாராளமாகப் போட்டு, சதுரங்களை ஒன்றை ஒன்று தொடாமல் வைத்து, நிறம் வந்ததும் புரட்டினேன். ரிப்-ஐயிலிருந்து தட்டில் வடிந்திருந்த சாற்றைக் கல்லில் ஒரு கொதி விட்டு, அதன் மேலேயே ஒரு தட்டைக் கவிழ்த்து, தீயைச் சிறிதாக்கினேன். இந்தச் சதையில் கொழுப்பு இல்லை, கொஞ்சம் கூடுதலாக நின்றால் ரப்பர் ஆகிவிடும். குறைவாக நின்றால் பிலோமினா விடமாட்டாள். சிவப்பு போய், ஈரம் போகாத ஒரு நேரம் உண்டு. அதில் அடுப்பை அணைத்துவிட்டு, தட்டைத் திறக்காமல் காத்திருந்தேன்.

அது ஆறுகிற நேரத்தில், அங்கே போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பையை இரட்டையாகப் போடுங்கள், என்னைப்போல நாளிதழ் வாங்கும் நிலை வேண்டாம். இரண்டாம் எண் பஸ்ஸில் நிழல் பக்கம் வேண்டுமென்றால் காலையில் இடப்பக்கம் உட்காருங்கள். சமைக்கப்போகிற வீட்டில் யார் இருந்தாலும், கழுவ வேண்டாம், வெட்ட வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். காசு குறைவென்றால் ஃபிளாங்க் போதும். ஒரே ஒரு துண்டு வாங்கி ருசித்துச் சாப்பிட வேண்டுமென்றால் ரிப்-ஐ. டெண்டர்லாயின் பல் போனவர்களுக்கு, குழந்தைகளுக்கு. விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், என் பேச்சைக் கேட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்குப் பயிற்சி தருகிறவரைக் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

தட்டைத் திறந்தேன். ஒரு சதுரத்தை நான்காக வெட்டி, ஒன்றை முள்கரண்டியால் அழுத்தினேன். வாழைப்பழம்போல நசுங்கியது.

பிலோமினா அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். நான் சாற்றில் நனைத்து முதல் துண்டை வைத்தேன். இடது பக்கமாக மென்றான். மெதுவாக, வெகு மெதுவாக. தொண்டை ஏறி இறங்கியது.

"ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள் பிலோமினா.

"உப்பு கம்மி."

குரல் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. பிலோமினா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உங்களையும் பதற வைத்து எனக்கென்ன லாபம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து நாலு நாளும் அவள் அதேபோலச் சமைத்துக் கொடுத்தாள், கோழியும் மீனும் சேர்த்து. புதன்கிழமை எடை முக்கால் கிலோ ஏறியிருந்தது. குழாய் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது துண்டு கொடுத்தேன். விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி," என்றான் மறுபடியும்.

"சொன்னதையே சொல்லாதடா. வேற எதையாச்சும் சொல்லு."

மூன்றாவதை மென்று விழுங்கிவிட்டு யோசித்தான். "ஹாசிம்," என்றான்.

எங்கள் இறைச்சிப் பகுதியில் கத்தி தீட்டுகிறவன். அவன் தீட்டிய கத்தியை வேறு யாரும் தொட விடமாட்டான். இறந்துபோய் எட்டு வருஷம் ஆகிறது. அடுத்த துண்டுக்கு, "ஆ செங்." ரிப்-ஐயின் கொழுப்பை மட்டும் தனியாக வெட்டித் தின்கிறவன், அவனுக்கும் எங்களுக்கும் அதில் மாதாமாதம் சண்டை. அடுத்ததற்கு, "கேசவன்." மாட்டிறைச்சியை நாளெல்லாம் வெட்டுவான், வாயில் வைக்கமாட்டான். ஞாயிறுகளில் நாங்கள் மாட்டிறைச்சி போடுமுன் கல்லில் முதல் ஆளாகக் கோழிக்கால் சுட்டுக்கொள்வான். அடுத்து, "பவுல்ராஜ்." அவன் போன வருஷம்தான் போனான்.

"போதுமாங்க?" என்றாள் பிலோமினா. அவன் வாயைத் திறந்து காட்டினான். நான் கொடுத்தேன்.

"தனிஸ்லாஸ்."

"நான் இங்கதானடா இருக்கேன்."

"இருக்கியான்னு பாத்தேன்."

கிண்ணத்தில் ஒரு துண்டு இருந்தது. அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான், விழுங்கினான், ஒரு வாய் மூச்சு எடுத்தான். நாங்கள் கேட்பதற்கு முன் அவனே தோளை நிமிர்த்தி, வருகை கூப்பிடுகிற மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்கிறவன்போல உரக்கச் சொன்னான்:

"சூசைமாணிக்கம்."